சாந்தகுணம் யாருக்குரிய அறம்? காவிரிப்படுகைக் கிறித்தவத் தமிழ் எழுத்துகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

கிறித்தவ அறங்களுள் ஒன்றாகிய சாந்தகுணம், தமிழ்ச் சூழலில் பெரும்பாலும் எளியோரின் பணிவாகவும் எதிர்த்துப் பேசாமையாகவுமே விளங்கிக்கொள்ளப்படுகிறது. தீங்கு செய்யும் ஆற்றல் உடையவர், அவ்வாற்றலைத் தாமே அடக்கிக்கொள்வதே சாந்தகுணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. வீரமாமுனிவரின் தேம்பாவணி, தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் சாதி வழக்கு, மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் நீதிநூல், பிரதாப முதலியார் சரித்திரம் ஆகியவை இந்நோக்கில் ஆராயப்படுகின்றன. சுவாமிமலைத் தலமரபும் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையும் ஒப்பீட்டுக்குக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்

சாந்தகுணம், கனிவு, அடக்கம், காவிரிப்படுகை, சுவாமிமலை, நீதிநூல், தேம்பாவணி, நந்தனார் சரித்திரம்.

முன்னுரை

தமிழகத்தில் கிறித்தவ அறங்களைப் பற்றிய பேச்சு, அன்பு, மன்னிப்பு, ஈகை என்பனவற்றைச் சுற்றியே மிகுதியும் அமைகிறது. சாந்தகுணம் அவற்றோடு சேர்த்து எண்ணப்படினும் தனித்து ஆராயப்படுவது குறைவு. ஆராயப்படும் இடங்களிலும் அது சினவாத மனநிலை, மென்மையான சொல், பொறுத்துப்போகும் இயல்பு என்ற அளவில் நின்றுவிடுகிறது. அன்றாட வாழ்வில் இவ்வறத்தைக் கடைப்பிடிப்பது எப்படி என்று கேட்போருக்கு, அடங்கிப் போ என்னும் ஒற்றை விடையே பெரும்பாலும் கிடைக்கிறது.

இவ்விடை எல்லாருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. நிலம் உடையவரிடம் சொல்லப்படும்போது அது ஓர் அறவுரை. நிலமற்ற கூலியாளிடம் சொல்லப்படும்போது, அவர்மேல் ஏற்கெனவே சுமத்தப்பட்டிருக்கும் நிலைமைக்கு அது சமயச் சான்றிதழாகிவிடுகிறது. தஞ்சைப் பகுதியின் நெல்வயல்கள் பல நூற்றாண்டுகளாகப் பண்ணையாள்களின் உழைப்பால் விளைந்தவை. அத்தகைய மண்ணில் எழுதப்பட்டும் பாடப்பட்டும் வந்த கிறித்தவத் தமிழ் எழுத்துகள் சாந்தகுணத்தை யாரிடம் எதிர்பார்த்தன என்பதே இக்கட்டுரையின் வினா.

சொல்லும் பொருளும்

மத்தேயு நற்செய்தியின் மலைப்பொழிவில் ஐந்தாம் அதிகாரத்தின் ஐந்தாம் வசனம் சாந்தகுணத்தைப் பேறாகக் கூறுகிறது. சீர்திருத்தத் திருச்சபையினர் வழங்கும் தமிழ் வேதாகமம் இவ்விடத்தில் சாந்தகுணம் என்ற வடசொற்றொடரைக் கொண்டுள்ளது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பு கனிவு என்ற தமிழ்ச்சொல்லைத் தேர்ந்துள்ளது. இவ்விரு சொற்களும் ஒன்றல்ல. சாந்தம் ஒருவரின் உள்ளத்து அமைதியைக் குறிக்கிறது. பிறர் எவரும் இல்லாத இடத்திலும் அது இருக்கக்கூடும். கனிவு பிறரை நோக்கியது. தன்னினும் மெலியாரிடத்தில் காட்டப்படும்போதே அச்சொல் முழுப்பொருள் பெறுகிறது. கனிவாகப் பேசினார் என்று அதிகாரியைச் சொல்கிறோம். அவர்முன் நிற்கும் மனுதாரரைப் பெரும்பாலும் அவ்வாறு சொல்வதில்லை. பின்னவருக்குப் பணிவு என்ற சொல்லையே ஒதுக்கி வைத்திருக்கிறோம். தமிழ் வழக்கே அறத்தைப் பதவிக்கேற்பப் பகுத்து வைத்திருப்பது இதனால் புலனாகும்.

மூலச்சொல்லின் வரலாறும் இங்குக் கருதத்தக்கது. கிரேக்கத்தில் இவ்விடத்தில் வரும் ப்ராயுஸ் என்னும் சொல்லின் பண்புப்பெயரை அரிஸ்டாட்டில் தம் நிகோமாக்கிய அறவியலில் சினம் தொடர்பான நடுநிலையாக விளக்குகிறார். அளவிறந்து சினத்தலும் குறை. சினக்க வேண்டிய இடத்தில் சினவாமையும் குறை என்பது அவர் கருத்து. அடுத்து, மத்தேயுவின் இவ்வசனம் முப்பத்தேழாம் திருப்பாடலை அடியொற்றியது. அங்குள்ள எபிரேயச் சொல் தாழ்த்தப்பட்டோர், வறியோர், நிலம் இழந்தோர் என்னும் பொருள்களையும் உள்ளடக்கியது. எனவே நிலத்தை உரிமையாகப் பெறுதல் என்னும் வாக்குறுதி வெறும் உருவகமன்று. தீயோர் கைப்பற்றிய நிலம் அதை இழந்தவருக்கு மீளும் என்பது அப்பாடலின் எதிர்பார்ப்பு. எண்ணாகமம் மோசேயை உலகிலேயே மிகுந்த சாந்தம் உடையவர் என்கிறது. அவரே எகிப்திய மன்னன் முன்னிலையில் நின்று தம் மக்களின் விடுதலையைக் கேட்டவர். ஆதலால் விவிலியச் சாந்தகுணத்தை வாய்மூடியிருத்தலாகக் கொள்வது பொருந்தாது.

தமிழ் அறநூல் மரபும் இதற்கு அயலானதன்று. திருக்குறளின் வெகுளாமை அதிகாரம், சினம் எவர்மேல் செல்லுபடியாகுமோ அவரிடத்தில் அதைத் தடுப்பதையே சினங்காத்தலாக மதித்துத் தொடங்குகிறது. செல்லுபடியாகாத இடத்தில் அடக்கினாலும் அடக்காவிட்டாலும் வேறுபாடில்லை என்பது அதன் குறிப்பு. அடக்கமுடைமை அதிகாரமோ, பணிவு எல்லாருக்கும் நன்றெனினும் செல்வருக்கு அது தனிச்செல்வமாகும் என்கிறது. வலியவனின் தன்னடக்கமே அறத்தின் உரைகல் என்னும் எண்ணம் திருக்குறளிலேயே இடம்பெற்றிருப்பது இதனால் தெளிவாகிறது.

இவற்றைக் கொண்டு இரு வினாக்களை அளவுகோலாக வகுத்துக்கொள்ளலாம். தாழ்ந்து நின்றவரிடம் தீங்கு செய்யவல்ல ஆற்றல் இருந்ததா? அவர் தாழ்ந்ததால் எவரேனும் நிமிர்ந்தனரா? இரண்டுக்கும் ஆம் என்னும் விடை கிடைக்கும் இடத்திலேயே சாந்தகுணம் முழுமையாக அமைகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

சுவாமிமலை தரும் ஒப்புமை

வலியவர் தாழ்தல் என்னும் காட்சி காவிரிப்படுகை மக்களுக்குப் புதியதன்று. கும்பகோணத்திற்கு அருகில் காவிரிக்கரையில் அமைந்த சுவாமிமலை, அறுபடை வீடுகளுள் நான்காவது. இயற்கைக் குன்று இல்லாத சமவெளியில் எழுப்பப்பட்ட இக்கட்டுமலைக்கு ஏறும் அறுபது படிகள் அறுபது தமிழ் ஆண்டுகளைக் குறிப்பன என்பர். பிரணவத்தின் பொருள் அறியாத நான்முகனை முருகன் சிறைவைத்ததையும், அப்பொருளைக் கேட்கத் தந்தையாகிய சிவபெருமானே மாணாக்கராக அமர்ந்ததையும் தலமரபு கூறுகிறது. சுவாமிநாதன், தகப்பன்சாமி என்னும் பெயர்கள் இதனால் அமைந்தவை.

இம்மரபில் இரு நிலைகள் எதிரெதிராக நிற்கின்றன. நான்முகனுடையது பதவியின் செருக்கு. தந்தையினுடையது ஆற்றல் முழுவதும் கைவசம் இருந்தும் மகன்முன் தாழ்ந்து அமரும் நிலை. அவரை அவ்வாறு அமரச் செய்யவல்லவர் எவருமில்லை. ஆதலால் அது விரும்பி மேற்கொண்ட தாழ்வாகிறது. அத்தாழ்வால் மகன் ஆசானாக உயர்கிறான். மேற்குறித்த இரு வினாக்களுக்கும் இத்தலமரபில் விடை உண்டு.

யோவான் நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவும் நிகழ்ச்சியை இதனோடு ஒப்பிடலாம். பெரிய வியாழனன்று கத்தோலிக்க ஆலயங்களில் குரு இதனைச் சடங்காக நிகழ்த்துகிறார். 1899இல் நிறுவப்பட்ட கும்பகோணம் மறைமாவட்டத்தின் ஊர்களிலும் இது ஆண்டுதோறும் நிகழ்வதே. எனினும் வேறுபாடு ஒன்றுண்டு. சுவாமிமலையில் தாழ்வு அறிவின் பொருட்டு. மாணாக்கர் நிலை என்பது மதிப்புடைய நிலையே. பாதம் கழுவுதலோ அடிமையின் வேலை. வீட்டிற்குள் நுழையவும் இசைவு பெறாத மக்கள் வாழ்ந்த ஊர்களில் அவ்வேலையைத் தலைவர் செய்வது சமூக ஒழுங்கையே தலைகீழாக்கும் செயல். ஆண்டுக்கொரு நாள் பன்னிருவருக்குச் செய்யப்படும் சடங்கு, மற்ற நாள்களின் ஒழுங்கைத் தொட்டதா என்பதை இலக்கியங்களின் வழியே காணலாம்.

தேம்பாவணி: தண்டிக்காத தச்சர்

கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியான ஏலாக்குறிச்சியோடு நெருங்கிய தொடர்புடையவர் வீரமாமுனிவர். அவர் இயற்றிய தேம்பாவணி 3 காண்டங்கள், 36 படலங்கள், 3615 பாடல்கள் கொண்டது. காப்பியத் தலைவர் வளன் எனப்படும் சூசையப்பர். அவர் தாவீது மன்னரின் வழித்தோன்றலாயினும் தச்சுத்தொழில் செய்து வாழ்பவர். யூதேய நாடு, மழையும் ஆறும் வயலும் செழிக்கும் மருதநிலமாகவே நாட்டுப்படலத்தில் வருணிக்கப்படுகிறது. தன்னிகரில்லாத் தலைவனை அரசரிடையே தேடும் காப்பிய மரபில், கைத்தொழிலாளர் ஒருவரைத் தலைவராக்கியதே குறிப்பிடத்தக்க செயல்.

இக்கட்டுரைக்கு இன்றியமையாதவை ஐயந்தோற்று படலமும் ஐயநீங்கு படலமும் ஆகும். மரியாள் கருவுற்றிருப்பதை அறிந்த வளன் கலங்குகிறார். அவளைப் பொதுவில் குற்றஞ்சாட்டி ஒறுக்கும் உரிமையை அக்காலச் சட்டமும் வழக்கமும் அவருக்கு அளித்திருந்தன. அவர் அவ்வுரிமையைக் கைக்கொள்ளவில்லை. மத்தேயு நற்செய்தி ஓரிரு வரிகளில் சொல்லிச் செல்லும் இம்மனப்போராட்டத்தை முனிவர் தனிப்படலமாக விரித்திருப்பது தற்செயலன்று. தச்சராகிய வளன் ஊரில் எளியவராயினும் தம் இல்லத்தில் வலியவர். ஒரு பெண்ணின் வாழ்வும் பெயரும் அவருடைய ஒரு சொல்லைச் சார்ந்திருக்கின்றன. அச்சொல்லை அவர் சொல்லாமல் நிறுத்துவதே சாந்தகுணம். சூசையப்பரை வாய்பேசாப் பணிவின் உருவமாக மட்டும் காணும் பக்திமரபு, இவ்விடத்தின் அறச்சிக்கலைத் தவறவிடுகிறது. எவர் எளியவர் என்பது இடத்திற்கேற்ப மாறும் என்பதையும், வயலில் தாழ்ந்து நிற்பவர் இல்லத்தில் அதிகாரம் செலுத்துபவராக இருக்கக்கூடும் என்பதையும் இப்படலங்கள் நினைவூட்டுகின்றன.

சாஸ்திரியாரின் வழக்கு: இரு தரப்பிலும் இல்லாத கனிவு

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) சுவார்ட்சு ஐயரின் மாணாக்கர். பெத்லகேம் குறவஞ்சி முதலிய பல நூல்களை இயற்றியவர். தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபைகள் இன்றளவும் அவர் பாடல்களைப் பாடுகின்றன. அவர் பாடல்களில் தாழ்மை இடையறாது பேசப்படும் பொருள். அவர் வாழ்வில் அவ்வறம் சோதனைக்குள்ளான இடம் சாதி வழக்காகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சைத் திருச்சபையில் வேளாளர் முதலியோரும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் தனித்தனியே அமர்ந்தனர். நற்கருணை பெறும் முறையிலும் வேறுபாடு இருந்தது. பழைய லூத்தரன் மிஷனரிகள் இதனைப் பெரும்பாலும் பொறுத்திருந்தனர். புதிதாக வந்த மிஷனரிகள் இதனை உடனே ஒழிக்க முற்பட்டனர். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி வேறுபாடு அடியோடு கைவிடப்பட வேண்டுமெனச் சுற்றுமடல் விடுத்தார். சாஸ்திரியார் இம்மாற்றத்தை எதிர்த்து 1820களிலேயே எழுதினார். திருச்சபைப் பணியையும் இழந்தார். சாதி என்பது சமயம் சாராத நாட்டு வழக்கம் என்பது அவர் வாதத்தின் மையம். அதனோடு, புதியவர்கள் தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றியதையும், வழிபாட்டில் தமிழ் இசைக்கும் பண்பாட்டு வழக்கங்களுக்கும் தடைவிதித்ததையும் அவர் கண்டித்தார்.

இவ்வழக்கை அணுகிய ஆய்வுகள் பெரும்பாலும் ஒருபக்கம் சார்கின்றன. ஒருசாரார் சாஸ்திரியாரைச் சாதி காத்தவராக மட்டும் காண்கின்றனர். மற்றொருசாரார் அவரைக் குடியேற்ற அதிகாரத்தை எதிர்த்த தமிழறிஞராகக் கொண்டாடுகின்றனர். ஆற்றல் யாரிடம் என்னும் வினாவை எழுப்பினால் இரண்டும் ஒருங்கே உண்மையாதல் விளங்கும். மிஷனரிக்கும் சாஸ்திரியாருக்கும் இடையே ஆற்றல் மிஷனரியிடம் இருந்தது. முதிய புலவரின் மொழியையும் இசையையும் கேளாமலே தீர்ப்பளித்தது அதிகாரத்தின் செருக்கு. சாஸ்திரியாருக்கும் ஆலயத்தின் மறுபக்கத்தில் அமர்த்தப்பட்டவருக்கும் இடையே ஆற்றல் சாஸ்திரியாரிடம் இருந்தது. தம்மிடம் கனிவு காட்டப்படவில்லை என்பதைக் கூர்மையாக உணர்ந்தவர், தாம் காட்ட வேண்டிய கனிவைக் காணவில்லை. மறுபக்கத்தில் அமர்ந்தவர்களின் குரல் இருதரப்பு ஆவணங்களிலும் மிக அரிதாகவே கேட்கிறது. அவர்கள் பொறுமையாக இருந்தனர் என்று நாம் எழுதுவோமாயின், அவர்கள் தேர்ந்தெடுக்காத ஒன்றை அவர்களின் அறமாக்கிவிடுகிறோம்.

ஆணையிட்டுத் தாழ்மையை வரவழைக்க இயலாது என்பதும் இவ்வழக்கின் பாடமே. எனினும் சமமாக அமர்தல் என்பது விருப்பத்திற்குரிய தாழ்மையன்று, அது நீதி. நீதிக்குரியதை அறவுரையாகக் குறைத்து, மனம் மாறும்வரை காத்திருக்கச் சொல்வதும் மேலோர்க்கே துணைசெய்யும்.

மாயூரத்து முனிசீபு: நாற்காலியின் அறம்

சாஸ்திரியாரின் பெயரையே கொண்ட மற்றொரு வேதநாயகர், குளத்தூரில் பிறந்து மாயூரத்தில் புகழ்பெற்ற சாமுவேல் வேதநாயகம் பிள்ளை (1826–1889). கத்தோலிக்கரான இவர் தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய இடங்களில் மாவட்ட முனிசீபாகப் பணியாற்றினார். நிலத்தகராறும் கடன்வழக்கும் நாள்தோறும் இவர்முன் வந்தன. ஆதலால் அறம் என்பது இவருக்கு நாற்காலியில் அமர்ந்திருக்கும்போது கடைப்பிடிக்க வேண்டியதாயிற்று.

1859இல் வெளிவந்த நீதிநூலின் அதிகார அடைவு இதற்குச் சான்று. இறைமை பற்றிய அதிகாரங்களை அடுத்து அரசியல்பு வருகிறது, அதன்பின்னரே குடிகளியல்பு. குருமாரியல்பைத் தொடர்ந்து பொய்க்குருமாரைக் கண்டிக்கும் அதிகாரம் அமைகிறது. தாய்தந்தையரின் கடமை முதலில். மக்கள் அவர்களை வணங்குதல் அடுத்து. கடமை எங்கும் அதிகாரம் உடையவரிடமிருந்தே தொடங்குவதை இவ்வடைவு காட்டுகிறது. கீழோருக்குப் பணிவைப் போதித்துத் தொடங்கும் நீதிநூல்கள் பலவற்றினின்றும் இது வேறுபடும் இடம் இது. கைக்கூலியைக் கண்டிக்கும் அதிகாரம் இவ்வரிசையின் இயல்பான விளைவு. கைக்கூலி கேட்பவர், தம் நாற்காலியின் ஆற்றலை எளியவர்மேல் செலுத்துபவர். அவரிடம் எதிர்பார்க்கப்படும் அறம் நேர்மை மட்டுமன்று; ஆற்றலை அடக்கிக்கொள்ளுதலும் ஆகும்.

மொழி பற்றிய இவர் நிலைப்பாட்டையும் இவ்வகையில் காணலாம். உயர்நீதிமன்றம் தோன்றுவதற்கு முன்னிருந்த சதர் நீதிமன்றத்தின் 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தொகுத்து, சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரில் 1862இல் தமிழில் வெளியிட்டார். 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில், வழக்காடுவோருக்கு விளங்காத ஆங்கிலத்தில் நீதிமன்றங்கள் நடத்தப்படுவதையும் தமிழ் வழக்கறிஞர்கள் தமிழில் வாதிட நாணுவதையும் கடிந்துரைத்தார். இதனைத் தமிழ்ப்பற்று என்று மட்டும் கூறுவது போதாது. நீதிபதி தம் மொழியின் உயரத்தினின்று இறங்கி, வழக்காடுபவரின் மொழிக்கு வருதல் என்பதே இதன் அறப்பொருள். கூண்டில் நிற்பவருக்குத் தம்மைப் பற்றிச் சொல்லப்படுவது விளங்குகிறது. அதனால் அவர் மறுத்துப் பேச முடிகிறது. மேலவர் தாழ்வதால் கீழவர் நிமிர்தல் என்பதற்கு அன்றாட அலுவல் வாழ்வில் இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

அப்புதினத்தில் ஞானாம்பாளின் ஆட்சிப்பகுதியும் நோக்கத்தக்கது. கணவனைத் தேடி ஆண்வேடத்தில் விக்கிரமபுரிக்கு வரும் அவளை, யானை மாலையிட்டு அரசனாக்குகிறது. செம்மையாக ஆண்டபின் அவள் அரசுரிமையை ஆனந்தவல்லியிடம் ஒப்படைக்கிறாள். ஆற்றலைப் பெறுதலும் அதை நல்வழியில் செலுத்துதலும் கதைகளில் மிகுதி. அதனை உரிய காலத்தில் கைவிடுதல் அரிது.

1876–78ஆம் ஆண்டுகளின் தாது வருஷப் பஞ்சத்தில் பிள்ளை தம் பொருளைச் செலவிட்டு மக்களின் பசி தீர்த்தார். அதனைப் போற்றிக் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனை பாடியதாக மரபு கூறும். சமயவேறுபாடு கடந்த நட்பும் இவரிடம் விளங்கிற்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவர்மீது குளத்துக்கோவை பாடியதும், எச்சமயத்தாரும் பாடத்தக்க சர்வசமய சமரசக் கீர்த்தனைகளை இவர் இயற்றியதும் அதற்குச் சான்று.

எனினும் இவருடைய அறநோக்கின் எல்லையையும் சுட்டுதல் வேண்டும். வலியவர் தம் கடமையை மறந்தால் எளியவர் என்செய்வது என்னும் வினாவுக்கு இவர் எழுத்தில் போதிய விடையில்லை. ஏழைகள் பெரும்பாலும் நன்மை பெறுவோராகவே வருகின்றனர். உரிமை கேட்போராக வருவது அரிது. நிலவுடைமை வினாவாகவில்லை. பெண்கல்விக்கு உரத்துக் குரல்கொடுத்த இவரிடமும், இல்லறத்தில் பெண்ணுக்கே மிகுந்த பணிவை வகுக்கும் மரபு முற்றிலும் அகலவில்லை. ஞானாம்பாள் அரசாள்வதற்கு ஆண்வேடம் தேவைப்பட்டது என்பதும் சிந்திக்கத்தக்கது.

நந்தன்: கேட்கும் தாழ்மை

இவ்விடைவெளியைப் பிள்ளையின் நண்பரும் மாயூரவாசியுமான கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை வேறொரு வகையில் தொடுகிறது. இது சைவ இலக்கியம். எனினும் காவிரிப்படுகையின் பண்ணையுறவை இத்துணை நேரடியாக மேடையேற்றிய படைப்பு அக்காலத்தில் வேறொன்று இல்லை எனலாம். பெரியபுராணத்தில் இல்லாத வேதியராகிய நிலக்கிழாரைப் பாரதியார் படைத்தார். சிதம்பரம் செல்ல இசைவு வேண்டும் நந்தனிடம், நாற்பது வேலி நிலத்தின் வேளாண்மையையும் முடித்துவிட்டுப் போகச் சொல்கிறார் அவ்வேதியர். ஓரிரவில் இறையருளால் பயிர் விளைகிறது. அதைக் கண்ட வேதியர் நந்தனின் காலில் விழுகிறார்.

நந்தனின் தாழ்மையைப் பாடுபொருளாகக் கொண்டாடுவது எளிது. ஆனால் அவன் வாய்மூடி இருந்தவன் அல்லன். மீண்டும் மீண்டும் கேட்டவன். பணிந்த சொல்லாயினும் கேள்வியைக் கைவிடாமையே அவன் வலிமை. கதையின் அறத்திருப்பம் நந்தன் பணிவதில் இல்லை. வேதியர் பணிவதில் உள்ளது. அதற்கும் ஓர் அற்புதம் தேவைப்பட்டதும், பின்னரும் நந்தன் தீக்குள் புகுந்தே தில்லையில் நுழைய நேர்ந்ததும் அச்சமூகத்தின் இறுக்கத்தைக் காட்டுவன. நிலக்கிழார் மனம் மாறியும் கோயில் வாயில் மாறவில்லை. தனிமனிதர் அடையும் சாந்தகுணம் நிறுவனத்தை மாற்றப் போதாது என்பதை, ஆசிரியர் கருதியோ கருதாமலோ, இக்கீர்த்தனை உணர்த்திவிடுகிறது.

அன்றாட வாழ்வும் அறத்தின் இடமும்

இருபதாம் நூற்றாண்டில் காவிரிப்படுகையின் வரலாறு இவ்வினாவை இலக்கியத்திற்கு வெளியே கொண்டுவந்தது. 1940களில் பி. சீனிவாசராவ் முதலியோர் வழிநடத்திய விவசாயிகள் இயக்கம் சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராகப் பண்ணையாள்களைத் திரட்டியது. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1968 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்து பிறப்பு நாளின் இரவில், கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்கள் கேட்டது சில படி நெல். அவர்கள் இன்னும் பொறுமையாக இருந்திருக்கலாம் என்று கூறுவோர், சாந்தகுணம் என்ற சொல்லைத் தவறான முகவரிக்கு அனுப்புகின்றனர். அன்றிரவு அடக்கிக்கொள்ளத்தக்க ஆற்றல் குடிசைக்குள் இருந்தவரிடம் இல்லை.

அந்நிகழ்ச்சிக்குப்பின் அப்பகுதிக்கு வந்த காந்தியர்களான ச. ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் வேறொரு வழியைக் காட்டினர். 1981இல் அவர்கள் நிறுவிய லாப்டி என்னும் நிலமீட்பு இயக்கம், நிலவுடைமையாளரிடம் பேசி, விலைக்குப் பெற்ற நிலத்தை ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் பெண்கள் பெயரில் பதிவுசெய்து வழங்கிற்று. இவர்கள் கிறித்தவ மறையுரையாளர்கள் அல்லர். எனினும் நிலத்தை உரிமையாகப் பெறுதல் என்னும் மலைப்பொழிவின் சொற்றொடர், அதன் நேர்ப்பொருளில் நிறைவேறிய இடங்களுள் இதனையும் எண்ணுதல் தகும். வன்முறை இல்லாமையும் கேட்பதைக் கைவிடாமையும் இங்கு ஒன்றுசேர்ந்தன.

அவ்வாறாயின் எளியவருக்குச் சாந்தகுணமே வேண்டாவா என்னும் தடை எழலாம். அதற்கு மறுமொழி இது: முற்றிலும் ஆற்றலற்றவர் என்று எவருமிலர். கூலியாள் தம் இல்லத்தில் மனைவிமக்கள்மேல் ஆற்றல் உடையவர். தேம்பாவணியின் வளன் இதற்குச் சான்று. மூத்த மாணாக்கர் இளையவர்மேலும், எழுத்தர் மனுவோடு நிற்பவர்மேலும், நெறியாளர் ஆய்வாளர்மேலும் ஆற்றல் உடையவர். ஒவ்வொருவரும் தம் சொல்லால் பிறர் அஞ்சும் இடம் எது எனக் கண்டறிதலே இவ்வறத்தின் முதற்படி. அவ்விடத்தில் ஒருமை விளியை விடுத்து மதிப்பான விளியைக் கொள்ளுதல், மறுமொழி சொல்ல இடம்கொடுத்தல், தீர்ப்புக்குமுன் மற்றவர் கூறுவதை முழுதும் கேட்டல், உரிய கூலியைக் கேட்குமுன் கொடுத்தல் என்பன இதன் அன்றாட வடிவங்கள். வயதில் மூத்த உழவரை நிலக்கிழாரின் சிறுவன் பெயர்சொல்லி அழைத்த ஊர்களில், ஒரு விளியை மாற்றுவதும் சிறு செயலன்று. தம்மினும் வலியவரிடத்தில் எளியவர் மேற்கொள்ள வேண்டியதோ வேறு: பகைமை இன்றி, ஆனால் விடாது, உரியதைக் கேட்டல்.

முடிவுரை

காவிரிப்படுகையின் கிறித்தவத் தமிழ் எழுத்துகளில் சாந்தகுணம் ஒரே பொருளில் வழங்கவில்லை. வீரமாமுனிவர் அதனை ஒறுக்கும் உரிமையைக் கைவிட்ட இல்லறத்தாரிடம் கண்டார். மாயூரம் வேதநாயகம் பிள்ளை அதனை நீதிபதியின் நாற்காலியிலும் நூலின் அதிகார வைப்பிலும் நிலைநிறுத்தினார். தஞ்சை சாஸ்திரியாரின் வழக்கு, தாழ்மையைப் பாடுவோரும் தம்முடைய ஆற்றலைக் காணத் தவறக்கூடும் என்பதைக் காட்டுகிறது. பாரதியாரின் நந்தன், தனிமனித மனமாற்றத்தின் எல்லையைக் காட்டுகிறான்.

கிறித்தவ இலக்கியம் பயிற்றும் வகுப்பறைகளில் பணிவு, பொறுமை, சாந்தம், கனிவு ஆகிய சொற்கள் ஒருபொருட் பன்மொழிகளாகவே கற்பிக்கப்படுகின்றன. அவற்றைப் பிரித்தறிவது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. எச்சொல் எவர்மேல் சுமத்தப்படுகிறது என்பதை அறியாத ஒருவர், ஒடுக்கப்பட்டவரின் மௌனத்தைப் பேறு எனப் பாராட்டிவிடக்கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிறித்தவக் கீர்த்தனைகள், மறையுரைத் தொகுப்புகள், சிற்றூர்ச் சபைகளின் பதிவேடுகள் ஆகியவற்றை இவ்விரு வினாக்களோடு மீண்டும் படிப்பது, சாஸ்திரியாரின் ஆலயத்தில் மறுபக்கம் அமர்ந்திருந்தவர்களின் குரலைத் தேடும் பணிக்கும் துணைசெய்யும்.